இது என்ன விமானம், சொல்லுங்கள்!

விடுகதை என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பாட்டி ஒரு விடுகதை போட்டால் பேரப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து மூளையைக் கசக்குவார்கள். விடை சொன்ன பிள்ளைக்கு வெற்றி. அடுத்த விடுகதையை அந்தப் பிள்ளை போடலாம்.

அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளில் பெரியவர்களும் இப்படி ஒரு விடுகதை ஆடுகிறார்கள். அது ஆகாய விடுகதை!

ஒருவர் ஒரு பழைய போட்டோவை எடுத்து வைப்பார். அதில் ஒரு சின்ன விமானம் நிற்கும். விமானத்தின் உடலில் எழுதியிருக்கும் எண்ணை அவர் மறைத்து விடுவார். பிறகு, "இது என்ன விமானம்? சொல்லுங்கள், பார்க்கலாம்!" என்று கேட்பார்.

மற்றவர்கள் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "இறக்கை மேலே இருக்கிறது", "வால் வளைந்திருக்கிறது", "எந்திரம் காரில் இருந்து எடுத்ததுபோல் தெரிகிறது" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறிப்பைச் சொல்வார்கள். முதலில் சரியான பெயரைச் சொன்னவருக்கு வெற்றி. அடுத்த போட்டோவை அவர் வைப்பார்.

அமெரிக்காவில் பழைய விமானப் பிரியர்களுக்காக நடக்கும் பத்திரிகை ஒன்று, "மர்ம விமானம்" என்ற தலைப்பில் இத்தகைய போட்டோக்களைப் பல ஆண்டுகள் வெளியிட்டது. வாசகர்கள் கடிதம் மூலம் விடை எழுதினார்கள்.

"வேலை இல்லாதவர்களின் விளையாட்டு" என்று சிலர் இதைக் கேலி செய்வது உண்டு. அந்தக் கேலி நியாயம்தானா? அதைச் சொல்வதற்கு முன், இந்த விளையாட்டு ஏன் கடினமானது என்பதைப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிறந்த விமானம்

தொழிற்சாலையில் செய்த விமானமாக இருந்தால் விடை சொல்வது சுலபம். ஒரே அச்சில் வார்த்ததுபோல் நூற்றுக்கணக்கில் அவை வெளிவருகின்றன. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதான்.

இந்த விளையாட்டில் பெரிதும் ரசிக்கப்படுபவை வீட்டில் செய்த விமானங்கள்!

ஆம். அந்த நாடுகளில் விமானத்தை வீட்டிலேயே செய்கிறார்கள். கார் நிறுத்தும் கொட்டகையில் மரச்சட்டமும், துணியும், பசையும், குழாயுமாகச் சேர்த்து, ஓய்வு நேரத்தில் பல ஆண்டுகள் உழைத்துச் செய்து முடிக்கிறார்கள். பிறகு அதிகாரிகளின் அனுமதி பெற்று, அதில் ஏறிப் பறக்கிறார்கள்.

அமெரிக்கச் சட்டத்தின்படி, அத்தகைய விமானத்தின் வேலையில் பாதிக்கு மேற்பட்டதை, தொழிலாக அல்லாமல் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ செய்பவர்கள் செய்திருக்க வேண்டும். அரசாங்கப் பதிவேட்டில், "செய்தவர்" என்ற இடத்தில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்காது. கட்டியவரின் பெயரே இருக்கும்!

இப்படி விமானம் கட்டுபவர்களை ஒன்று சேர்க்க, பால் போபரெஸ்னி என்பவர் 1953-ம் ஆண்டு ஜனவரி மாதம் மில்வாக்கி நகரில் ஒரு சங்கம் தொடங்கினார். அதன் பெயர், சோதனை விமானச் சங்கம். 1970 முதல் அந்தச் சங்கத்தின் விழா ஆஷ்காஷ் என்ற ஊரில் நடந்து வருகிறது. அங்கு வந்து இறங்கும் விமானங்களைக் காணப் பெருங்கூட்டம் கூடுகிறது.

வீட்டில் விமானம் செய்பவர்களில் பலர், நிபுணர் ஒருவர் வரைந்து கொடுத்த படத்தை விலைக்கு வாங்குவார்கள். ஆனால், படம் ஒன்றாக இருந்தாலும் விமானம் ஒன்றாக இருக்காது!

சாம்பார் வைக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். என்றாலும், ஒரு வீட்டுச் சாம்பார் மாதிரி இன்னொரு வீட்டுச் சாம்பார் இருக்கிறதா? ஒருவர் கொஞ்சம் புளி கூட்டுவார். இன்னொருவர் வெல்லம் போடுவார். விமானம் கட்டுபவர்களும் அப்படித்தான். ஒருவர் வேறு எந்திரம் வைப்பார். ஒருவர் இருக்கைக்கு மேல் கண்ணாடி மூடி போடுவார். ஒருவர் சக்கரத்தை மாற்றுவார்.

அதனால்தான் விடுகதை கடினமாகிறது.

அடையாளம் பார்ப்பது எப்படி?

மாட்டுச் சந்தையில் அனுபவம் உள்ளவர்கள் சுழி பார்ப்பார்கள், கொம்பு பார்ப்பார்கள், பல்லைப் பிடித்து வயதைச் சொல்வார்கள். விமானத்துக்கும் அப்படிச் சில அடையாளங்கள் இருக்கின்றன.

இறக்கை எப்படி இருக்கிறது? எந்திரம் எது? உடல் எப்படி? வால் எப்படி? இந்த நான்கையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்.

பிரான்சு நாட்டில் எதுவார் ஜோலி, ஜான் தெலமோந்தே என்று இருவர் இருந்தார்கள். மாமனாரும் மருமகனும்! இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து "ஜோடெல்" என்ற விமானத்தை உருவாக்கினார்கள். ஒருவர் மட்டும் அமரக்கூடிய அவர்களுடைய சின்ன விமானம் 1948-ல் முதன் முதலாகப் பறந்தது. அதன் இறக்கை நடுவில் தட்டையாக இருக்கும். இரு நுனிப் பக்கங்களும் மேல் நோக்கி வளைந்து நிற்கும். ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

இறக்கை நுனி வளைந்திருந்தால் ஜோடெல் என்று உடனே சொல்லிவிடலாமா? கூடாது! தெலமோந்தே பிற்காலத்தில் பியர் ராபின் என்பவருடன் சேர்ந்து வேறு விமானங்களை உருவாக்கினார். தொழிற்சாலையில் தயாரான அந்த விமானங்களுக்கும் இதே மாதிரி இறக்கைதான். அவசரக்காரர்கள் இங்கே ஏமாந்து போவார்கள்.

அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் செர்ரி குரோவ் என்று ஒரு சிற்றூர். அங்கே பெர்னார்டு பீட்டன்பால் என்பவர், 1929-ல் போர்டு கார் எந்திரத்தை வைத்து விமானம் ஓட்டினார்! அதன் இறக்கை, பந்தல் போட்டதுபோல உடலுக்கு மேலே கம்புகளில் நிற்கும். காரின் ரேடியேட்டர், ஓட்டுபவரின் கண்ணுக்கு எதிரே தலை தூக்கி நிற்கும். அதுதான் அடையாளம்.

ஆனால், அவரே 1960-களில் வேறு கார் எந்திரத்தைப் பொருத்தினார். அதற்கு ரேடியேட்டர் கிடையாது. ஆகவே, ரேடியேட்டர் இல்லை என்பதற்காக "இது பீட்டன்பால் விமானம் அல்ல" என்று சொல்லிவிட முடியாது.

மிஷேல் கொலம்பான் என்ற பிரெஞ்சுக்காரர் செய்த "கிரி கிரி" விமானம் 1973-ல் பறந்தது. மூக்கின் இரு பக்கமும் மீசை முறுக்கியதுபோல் இரண்டு குட்டி எந்திரங்கள்! இறக்கையின் நீளம் ஒரு நுனியில் இருந்து மறு நுனி வரை 16 அடிதான். ஆளும் பெட்ரோலும் இல்லாத எடை 80 கிலோவுக்கும் குறைவு.

பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்கரின் விமானங்களோ தலைகீழ்! சிறிய இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால், சுழல்விசிறியும் பின்னால். தரையில் ஆள் இல்லாமல் நிற்கும்போது, எந்திரத்தின் பாரத்தால் பின்பக்கம் சாய்ந்துவிடும். அதனால் முன் சக்கரத்தை மடக்கி, மூக்கைத் தரையில் வைத்து நிறுத்துவார்கள். பார்ப்பதற்கு, விமானம் மண்டியிட்டு வணங்குவதுபோல் இருக்கும்.

அவருடைய "வேரி ஈசி" 1975-ல் பறந்தது. அதன் அண்ணன் போன்ற "லாங் ஈசி" 1979-ல் பறந்தது. முதல் விமானத்துக்கு இறக்கை சுமார் 22 அடி. இரண்டாவதற்குச் சுமார் 26 அடி. போட்டோவில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்தான். விடுகதை ஆடுபவர்கள் இங்கேதான் திணறுவார்கள்.

போரில் நடந்த பரிதாபம்

"சரி, அடையாளம் தெரிந்து என்ன ஆகப் போகிறது?" என்று கேட்கலாம்.

1939-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந்தேதி. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் இறங்கி மூன்று நாட்கள்தான் ஆகியிருந்தன. "எதிரி விமானங்கள் வருகின்றன" என்று தகவல் பறந்தது. பிரிட்டிஷ் போர் விமானங்கள் வானத்தில் கிளம்பின.

"ஸ்பிட்பயர்" விமானங்களில் பறந்த வீரர்கள், தூரத்தில் வேறு விமானங்களைக் கண்டார்கள். எதிரி என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு விமானங்கள் விழுந்தன. ஒரு விமானி உயிர் இழந்தார்.

விழுந்தவை எதிரி விமானங்கள் அல்ல. பிரிட்டனின் சொந்த "ஹரிக்கேன்" விமானங்கள்! அன்று அங்கே எதிரி விமானம் ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பரிதாபத்துக்குக் குழப்பமான தகவலும் ஒரு காரணம். அடையாளம் தெரியாமல் போனது இன்னொரு காரணம்.

அந்தப் போர்க் காலத்தில், வானத்தைக் காவல் காத்த தொண்டர்கள் கில்ட்போர்டு என்ற ஊரில் தாங்களாகவே ஒன்றுகூடி, விமானங்களை அடையாளம் காணப் பயின்றார்கள். 1941 ஜனவரியில், அதற்கென்றே ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. கறுப்பு நிழல் படத்தைப் பார்த்து விமானத்தின் பெயரைச் சொல்வது, அப்போது நாட்டுக்குச் செய்யும் சேவையாகிவிட்டது!

அமெரிக்காவில் 1942-ல், 5 லட்சம் மாதிரி விமானங்கள் செய்து கொடுக்கும் பொறுப்பைப் பள்ளிக்கூட மாணவர்களிடம் கடற்படை ஒப்படைத்தது. வீரர்கள் அவற்றைப் பார்த்து அடையாளம் கற்றார்கள். விளையாட்டு என்று எண்ணிய வேலை, உயிர் காக்கும் வேலையாக மாறியது.

பறக்கும் தெள்ளுப்பூச்சி

போரை விட்டுவிடுங்கள். அமைதிக் காலத்தில், வீட்டில் செய்த விமானங்களுக்கு இந்தக் கண் தேவையா?

தேவை என்பதற்கு ஒரு கதை உண்டு.

பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன்ரி மின்யே என்பவர், 1933-ல் ஒரு குட்டி விமானம் செய்து பறந்தார். அதற்கு அவர் வைத்த பெயர், "வானத்துப் பேன்"! ஆங்கிலேயர்கள் அதைப் "பறக்கும் தெள்ளுப்பூச்சி" என்று அழைத்தார்கள். அதை எப்படிச் செய்வது என்று 1934-ல் அவர் புத்தகம் எழுதினார். அடுத்த ஆண்டே அது ஆங்கிலத்திலும் வந்தது. தச்சு வேலை தெரிந்த சாதாரண மனிதர்கள் ஆளுக்கு ஒரு தெள்ளுப்பூச்சி கட்டத் தொடங்கினார்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள். பின்னால் பெரிய சுக்கான். பார்த்ததும் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால், சில விமானங்கள் தலைகுப்புற விழுந்தன. ஓட்டியவர்கள் மாண்டார்கள். 1936-ல் இங்கிலாந்திலும் பிரான்சிலும் முழு விமானத்தையே பெரிய காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தார்கள். உண்மை வெளிப்பட்டது.

இரண்டு இறக்கைகளும் மிக நெருக்கமாக இருந்தன. மூக்கு ஓர் அளவுக்கு மேல் கீழே சாய்ந்துவிட்டால், ஓட்டுபவர் கைப்பிடியை இழுத்தும் மூக்கு மேலே எழவில்லை. முன் இறக்கையைத் தாண்டி வந்த காற்று, பின் இறக்கையைத் தூக்கிவிட்டது. இழுக்க இழுக்க, தலை இன்னும் கீழே போனது!

அந்த விமானம் பறப்பதற்குத் தடை வந்தது. மின்யே சோர்ந்துவிடவில்லை. குறையைத் திருத்திப் புதிய தெள்ளுப்பூச்சிகளை உருவாக்கினார். அவை நன்றாகப் பறந்தன.

பழையதும் தெள்ளுப்பூச்சி, புதியதும் தெள்ளுப்பூச்சி. பெயர் ஒன்று. உருவமும் ஏறக்குறைய ஒன்று. ஆனால், ஒன்று ஆளைக் கொன்றது; மற்றொன்று பத்திரமாகத் தரை இறக்கியது. வித்தியாசம் அறிந்த கண்ணுக்கு எவ்வளவு மதிப்பு!

பாடகரின் கடைசிப் பயணம்

அதைவிட உருக்கமானது, அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் முடிவு.

அவர் உலகப் புகழ் பெற்றவர். விமானம் ஓட்டுவதில் நல்ல அனுபவம் உள்ளவர். 1997-ல், வேறு ஒருவர் வீட்டில் கட்டிய "லாங் ஈசி" விமானத்தை விலைக்கு வாங்கினார்.

அந்த விமானத்தில் பெட்ரோல் தொட்டிகள் இரண்டு. ஒன்றில் தீர்ந்தால் மற்றொன்றுக்கு மாற்ற ஒரு திருகு உண்டு. ரூட்டன் வரைந்த படத்தில், அந்தத் திருகு ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. இந்த விமானத்தைக் கட்டியவரோ, ஆள் உட்காரும் இடத்துக்குள் பெட்ரோல் குழாய் வரக்கூடாது என்று கருதினார். நல்ல எண்ணத்தோடு, திருகை ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

அக்டோபர் 12-ந்தேதி மாலை, கலிபோர்னியா கடற்கரையில் டென்வர் பறந்தார். விமானம் கடலில் விழுந்தது. அவர் மாண்டார். அப்போது வயது 53.

விசாரணை நடந்தது. திருகைப் பிடிப்பதற்காக அவர் உடலைத் திருப்பியபோது, கவனம் சிதறி, வலது காலால் தம்மை அறியாமல் சுக்கான் மிதியை அழுத்திவிட்டார் என்று விசாரணைக் குழு முடிவு கூறியது. பெட்ரோல் இருப்பைச் சரியாகக் கவனிக்காமல் கிளம்பியதும், புதிய விமானத்தில் போதிய பயிற்சி இல்லாததும், திருகு எட்டாத இடத்தில் இருந்ததும் விபத்துக்குத் துணைபோன காரணங்கள் என்றும் அது தெரிவித்தது.

வெளியில் இருந்து பார்த்தால் அது மற்ற லாங் ஈசி விமானங்களைப் போன்றதுதான். விடுகதையாகப் போட்டிருந்தால், தெரிந்தவர்கள் ஒரு நொடியில் பெயரைச் சொல்லியிருப்பார்கள். பெயர் சரி. ஆனால், உள்ளே ஒரு கைப்பிடி இடம் மாறியிருந்தது!

பெயரோடு நிற்கலாமா?

இந்தக் கதைகளில் இருந்து ஓர் உண்மை தெரிகிறது. விடுகதை விளையாட்டு வீண் வேலை அல்ல. அது கண்ணைப் பழக்குகிறது. பொறுமையைக் கற்றுக் கொடுக்கிறது. வெளுத்தது எல்லாம் பால் அல்ல என்று உணர்த்துகிறது.

ஆனால், விளையாட்டு பெயரோடு நின்றுவிடக் கூடாது. பெயர் என்பது வாசற்படி. வீடு உள்ளே இருக்கிறது!

"இது என்ன விமானம்?" என்று கேட்டவர்கள், விடை வந்ததும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒன்று, "எதை வைத்துச் சொன்னீர்கள்?"

காரணம் சொல்லத் தெரியாத விடை குருட்டு அதிர்ஷ்டம். காரணத்தோடு சொன்ன தவறான விடையில்கூட பாடம் உண்டு. ஏன் தவறு என்று பத்துப் பேர் பேசித் தெரிந்துகொள்ளலாம். காரணம் இல்லாமல் சத்தமாகச் சொன்ன விடையோ ஆபத்தானது. யாராவது அதை நம்பிப் போட்டோவின் அடியில் எழுதிவிடுவார்கள். அதைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். பொய், உண்மையின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றும்.

இரண்டு, "மற்றவற்றில் இருந்து இது எந்த வகையில் மாறுபட்டது? யார் கட்டியது?"

இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது. வீட்டு விமானத்தை வாங்குபவர்களும், ஓட்டுபவர்களும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். "இந்த வகை எனக்குத் தெரியும்" என்ற நினைப்பு, "இந்த விமானம் எனக்குத் தெரியும்" என்பதற்கு ஈடாகாது.

மனிதனின் பெயரும் மறையக் கூடாது

இன்னொரு காரணமும் உண்டு.

பெரிய கம்பெனியின் விமானத்துக்குக் காகிதங்கள் இருக்கும், புத்தகங்கள் இருக்கும். ஒரே ஒரு விமானம் கட்டி, ஆசை தீரப் பறந்து, மறைந்துபோன மனிதனுக்கு என்ன இருக்கிறது? பல சமயங்களில் ஒரு போட்டோதான். அதன் பின்புறம் வெறுமையாக இருந்தால், பேரன் காலத்தில் அது யாருடைய விமானம் என்றே தெரியாது.

ஊர் ஊராகப் பழைய போட்டோக்களைத் தேடி, "இது என்ன விமானம்?" என்று கேட்கும் பிரியர்கள், பெயர் தெரியாத ஒரு மனிதனின் உழைப்புக்குப் பெயர் தேடுகிறார்கள். அதைக் கேலி செய்வது அழகல்ல. விமானக் காட்சிசாலைகளும் சங்கங்களும் அவர்களை அழைத்து, தங்கள் பெட்டிகளில் உறங்கும் போட்டோக்களைக் காட்டவேண்டும். பழைய ஆட்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். நினைவு, வங்கியில் போட்ட பணம் அல்ல. அது வட்டியோடு வளராது. நாளுக்கு நாள் கரைந்து போகும்.

விமானமே இல்லாத குடும்பங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. பெட்டியில் இருக்கும் கல்யாணப் போட்டோவில், ஓரத்தில் நிற்பது யார்? தாத்தாவின் கையில் இருக்கும் குழந்தை எது? பாட்டிக்குத் தெரியும். பாட்டி இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் பின்புறம் எழுதி வைக்கலாம்.

ஒரு பையன் வானத்தைப் பார்த்து, "அது என்ன விமானம்?" என்று கேட்டால், "படிக்கிற வேலையைப் பார்" என்று அதட்டாதீர்கள். "உனக்கு என்ன தோன்றுகிறது? ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று திருப்பிக் கேளுங்கள்.

உற்றுப் பார்க்கவும், காரணம் சொல்லவும், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளவும் பழகிய பிள்ளை, எந்த வேலைக்குப் போனாலும் கெட்டிக்காரப் பிள்ளையாகவே இருக்கும்!